குழிக்காட்டு வாழை

அன்று காலை எங்கள் விளையின் ஓரத்தில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் நல்ல கரை வேட்டி கட்டியிருந்தார்கள். எல்லோர் மூக்கிலும் துண்டு.

விளை என்றால் எங்கள் பக்கத்தில் வயல் அல்லாத மேட்டு நிலம். தென்னையோ புளியோ வாழையோ நிற்கும். எங்கள் விளையில் நின்றது செந்துளுவன் வாழை; வெளியூரில் செவ்வாழை என்பார்களே, அது. முந்தின நாள் மழை விட்டிருந்தது. இலை நுனிகளில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குலைகளோ முட்டுக் கொடுத்த மூங்கிலையும் வளைத்துக்கொண்டு தரையைத் தொடப் பார்த்தன.

"நல்ல குலையாக்கும்" என்றார் ஒருவர், துண்டுக்குள்ளிருந்து.

"சும்ம இரும் வே" என்றார் இன்னொருவர், அவரும் துண்டுக்குள்ளிருந்து.

முன்னால் நின்றவர் சங்கரலிங்கம் பிள்ளை. என் கணவருடைய அத்தை மகன். அவர் பக்கத்தில் காரியஸ்தர் மாதேவன் பிள்ளை. சொத்துத் தகராறு என்றால் ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

அந்த நிலத்தை எங்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்ல வந்திருந்தார்கள். என் கணவர் சிவதாணு மண்வெட்டிப் பிடியில் இரண்டு கையையும் ஊன்றியபடி பேசாமல் நின்றார். அவர் எப்போதுமே அதிகம் பேசமாட்டார். நான் ஒரு வாழைக்குப் பின்னால், இடுப்பில் பிள்ளையோடு நின்றேன்.

மூக்கைப் பொத்திக்கொண்டு நிலம் கேட்க வந்தவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு விளைதான்.

எங்களுக்கு வந்த பங்கு

நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் அன்று மருமக்கள் வழி. தகப்பனுடைய சொத்து மகனுக்குப் போகாது. தகப்பனுடைய சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற பிள்ளைகள் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காக 'உகந்துடைமை' என்று கொஞ்சம் கொடுப்பார்கள். மருமகன்கள் மனம் உகந்து கொடுப்பது என்று நானாக அர்த்தம் செய்துகொண்டிருந்தேன். உகக்காமலும் கொடுக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

என் மாமனார் செத்தபோது சுசீந்திரத்துக்குக் கீழே கிடந்த வயலெல்லாம் சங்கரலிங்கம் பிள்ளைக்குப் போயிற்று. எங்களுக்கு வந்தது டவுணுக்கு வெளியே, சுடுகாட்டுப் பாதைக்கும் அப்பால் கிடந்த ஒரு விளை. செக்கச் செவேலென்ற கல்மண். நாலு புளியங்கன்று நட்டுப் பார்த்திருந்தார்கள். நாலும் குச்சியாக நின்றன.

அதற்கு வடக்கே குழிக்காடு.

இந்தத் தொடரைக் காலைக் காப்பியோடு படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர்கள் இந்த வாரம் காப்பியை முடித்துவிட்டு வரலாம். குழிக்காடு என்பது டவுண் வீடுகளின் மலத்தை வண்டியில் கொண்டுவந்து நீளநீளமான குழிகளில் கொட்டி மண் போட்டு மூடுகிற இடம். நகரசபை வந்த புதிதில் அதற்கென்று ஒதுக்கிய நிலம்.

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியது என்றால் எங்கள் விளையில் நிற்க முடியாது. பங்கு கொடுத்த அன்று சங்கரலிங்கம் பிள்ளை, "காத்தோட்டமான இடம் பாத்துக்கிடுங்க" என்று என் கணவரிடம் சொன்னார். முகத்தில் சிரிப்பே இல்லை.

ஊரடி வயல்

மனிதக் கழிவு பயிருக்கு நல்லது என்பது நாஞ்சில் நாட்டில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் பிறந்த ஊரில் 'ஊரடி வயல்' என்று ஒரு துண்டு உண்டு. குடியிருப்பை ஒட்டியது. அங்கே நெல் எப்போதும் மற்ற வயலைவிடக் கருத்து, இடுப்புக்கு மேல் உயர்ந்து நிற்கும். அதற்கு ஆட்டுக்கிடை போடுவதில்லை, தழை மிதிப்பதில்லை, குளத்து வண்டல் அடிப்பதில்லை. விடியுமுன் செம்பெடுத்துக்கொண்டு ஊரே அந்தப் பக்கம்தான் போகும். கேட்டால், "அது நல்ல மண்ணு" என்பார்கள். அந்த வயலுக்குத்தான் குத்தகைக்குப் போட்டி. அந்த நெல் தெய்வத்துக்கும் பொங்கலாயிற்று, பிள்ளை பெற்றவளுக்கும் கஞ்சியாயிற்று.

கடற்கரைப் பக்கம் போனால் இன்னொரு வகை. குளச்சலில் கல்யாணம் செய்துகொண்ட என் பள்ளித் தோழி ஒருத்தி தென்னைக்கு மீன் குடலும் தலையும் புதைப்பாள். அவள் வீட்டு இளநீரில் மீன் வாடை வருமா என்று ஒருமுறை நான் மோந்து பார்த்திருக்கிறேன். வரவில்லை. மண்ணுக்குள் போனது எப்படி வெளியே வரும் என்பதில் எனக்கு அன்றிலிருந்தே ஓர் ஆச்சரியம் இருந்தது.

யாரும் விதைக்காத மிளகாய்

குழிக்காட்டுக்கு வண்டி ஓட்டி வந்தவர் சுப்பையா. கூட வந்தவள் அவர் மனைவி நாகம்மாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்த வேலைக்கென்றே கூட்டிவரப்பட்ட குடும்பங்களில் ஒன்று. தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். ஊர் அவர்களை ஒரு சொல்லால் கூப்பிட்டது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

நாகம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். உரத்த குரல். காளையைத் திட்டுவதும் காக்கையைத் திட்டுவதும் நகரசபையைத் திட்டுவதும் ஒரே ராகத்தில் வரும்.

கல்யாணமான மறு வருஷம் ஒரு நாள், புளியங்கன்றுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு போனபோது குழிக்காட்டின் ஓரத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். பழைய குழிகள் மூடிக் கிடந்த மேட்டில் மிளகாய்ச் செடி. இடுப்பு உயரம். இலை தெரியாமல் சிவப்பும் பச்சையுமாகக் காய். அதன் பக்கத்தில் கொய்யாக் கன்றுகள், பூசணிக் கொடி. யாரும் விதைத்ததல்ல. விதை எந்த வழியாக வந்திருக்கும் என்று யோசித்தபோது எனக்கு முதலில் குமட்டியது. பிறகு எங்கள் குச்சிப் புளியைத் திரும்பிப் பார்த்தேன்.

மேட்டு மண்ணைக் கையில் அள்ளினேன். கறுப்பாக, உதிரியாக இருந்தது. பயந்துகொண்டே மோந்தேன். மழை பெய்த மண்ணின் வாசனைதான்.

"ஏம்மா! அதத் தொடாதீய!" என்று வண்டியிலிருந்து நாகம்மாள் கத்தினாள்.

"நாத்தமில்லையே?"

"அது பழசு. மூடி வருசமாச்சு. ஆனாலும் நீங்க தொடலாமா? வீட்டுல வைவாவ."

"நீ இந்த மிளகாயைப் பறிப்பியா?"

அவள் கொஞ்ச நேரம் என்னை முறைத்துப் பார்த்தாள். வம்புக்குக் கேட்கிறேனா என்று பார்த்திருப்பாள். பிறகு, "ஏன், எங்க வீட்டுக் குழம்புக்கு உறைப்பு வேண்டாமா?" என்றாள்.

கருகின கன்றுகள்

வீட்டில் சொன்னேன். என் கணவர் சோற்றுத் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. மாமியார் தூக்கினார்.

"நம்ம வீட்டு ஆம்பிள பீய அள்ளுததுக்கா இவள கெட்டிக்கொண்டு வந்தோம்?"

"அது இப்போ மண்ணு மாமி."

"மண்ணாட்டு மாறினா மட்டும் அது எங்கேருந்து வந்துன்னு மறந்து போயிருமாட்டி?"

அந்தப் பஞ்சாயத்து பல நாள் ஓடியது. கடைசியில் என் கணவர் ஒரு காலை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "வா, பாப்போம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் வாழ்நாளில் என்னிடம் பேசிய பெரிய பேச்சுகளில் அது ஒன்று.

நகரசபை மேஸ்திரியிடம் கேட்டோம். பழைய குழியைக் காலி செய்துகொடுத்தால் அவருக்குப் புதிதாகத் தோண்டும் வேலை மிச்சம். தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

முதல் தடவை தோற்றோம். அவசரம்தான் காரணம். பழைய குழியோடு நிறுத்தாமல், அரைகுறையாக மக்கியதையும் அள்ளி வாழைக்குழியில் போட்டோம். கன்றுகள் தீயில் காட்டியதுபோல் கருகின. ஈ மொய்த்தது. சுடுகாட்டுப் பாதையில் பாடை தூக்கி வந்தவர்கள் பாடையை இறக்கி வைத்துவிட்டு எங்களைத் திட்டினார்கள்.

நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். நாகம்மாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து கருகின கன்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"நல்லா வெந்துபோச்சு" என்றாள். "எனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன். கொட்டுததோட எங்க வேல முடிஞ்சுது. வாழை வைக்க எங்களுக்கு எங்க நிலம் இருக்கு?"

அதன் பிறகு நாங்களே செய்து செய்து கற்றுக்கொண்டோம். மூடின குழியை ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் தொடக்கூடாது. தோண்டிய மண்ணில் நாற்றம் துளி இருந்தாலும் திரும்ப மூட வேண்டும். அடுப்புச் சாம்பலும் காய்ந்த சருகும் கலந்து போட்டால் வாழை சிரிக்கும். கீரை போடவே கூடாது. அதை எங்கள் வயிறு சொல்லிக்கொடுத்தது. மூன்று பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் பின்கட்டுக்கு ஓடிய நாளில் மாமியார் முகத்தில் மட்டும் ஓட்டத்துக்கு நடுவிலும் பிரமாதமான திருப்தி. "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று ஓடிக்கொண்டே சொன்னார்.

செருப்பு

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்றதற்கு உடம்பு கூலி கேட்டது. எனக்கு முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, நாலு எட்டு நடந்தால் கண் இருட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கண்ணின் கீழ்மடலை இழுத்துப் பார்த்த உடனே கொக்கிப்புழு என்றார்கள். பாதம் வழியாக ஏறுமாம். குடலைப் புரட்டும் ஒரு எண்ணெயைக் கொடுத்தார்கள். அந்த நாற்றத்துக்கு முன்னால் குழிக்காடு சந்தனம்.

செருப்புப் போட்டால் வராது என்றார்கள். எங்கள் வீட்டில் பெண்கள் செருப்புப் போட்டதே கிடையாது. சுப்பையாவுக்குத் தோல் வேலை தெரியும். எனக்கும் என் கணவருக்கும் கனத்த எருமைத் தோலில் செருப்புத் தைத்துக் கொடுத்தார். "நாகம்மாவுக்கு?" என்று கேட்டேன். அவர் அதை யோசித்ததே இல்லை போலிருந்தது. அவளுக்கும் தைத்தார்; அவருக்கும் தைத்துக்கொண்டார்.

நான் செருப்போடு தெருவில் நடந்தது, நாங்கள் குழி மண் அள்ளியதைவிடப் பெரிய பேச்சாயிற்று. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

நாகம்மாளோடு நான் சிநேகமாக இருந்தேன் என்று எழுதுவது எளிது. ஆனால் அந்தக் குழி எனக்கும் அவளுக்கும் ஒன்றல்ல. எனக்குப் பிடிக்காவிட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவளுக்குப் போக வேறு இடம் இல்லை. நான் தொட்டது மக்கின மண். அவள் சுமந்தது வேறு. அதை அவளே ஒரு நாள் என்னிடம் சொன்னாள், கோபமில்லாமல்: "நீங்க கடைசில வாறீய. நான் மொதல்ல நிக்கேன்."

கோட்டாற்றுச் சந்தை

வாழைக்கு இடையில் வழுதலை போட்டோம். வெளியூர் வாசகர்கள் கத்தரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய் ஒவ்வொன்றும் பிள்ளை கைத் தடிமன், எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு. கோட்டாற்றுச் சந்தையில் கொண்டுபோய்க் குவித்தோம். வந்தவர்கள் எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்தார்கள். அப்போது யாரோ பின்னாலிருந்து, "குழிக்காட்டுச் சரக்குலா அது!" என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்த கைகள் எல்லாம் காயை வைத்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டன.

வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். கல்யாணச் சமையல்காரர் மைதீன் சாயிபு அந்தப் பக்கமாக வந்தார். நல்ல உருவம், நடந்தால் சந்தை வழிவிடும். ஒரு காயை நகத்தால் கீறி, மோந்து, இரண்டாகப் பிளந்து பார்த்தார்.

என் கணவர், "சாயிபே, இது குழிக்காட்டு..." என்று தொடங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"நான் கேட்டனா?" என்றார் சாயிபு. "மீனு கடல்ல என்னத்தத் திங்கிதுன்னு நான் கேக்கதில்ல. வழுதலங்கா மண்ணுல என்னத்தத் திங்கிதுன்னு என்னத்துக்குக் கேக்கணும்? சொத்தை இல்ல, பிஞ்சா இருக்கு. எல்லாத்தையும் கெட்டும்."

அவர் எடுத்ததைப் பார்த்துக் கூடைக்காரிகள் சிலரும் எடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் தெருத்தெருவாகப் போய் 'மலையடிவாரத்துக் காய்' என்று கூவி விற்றார்கள். எங்கள் கையிலிருந்து போன பிறகு காய்க்கு ஊர் மாறிப்போயிற்று.

இதில் என் மாமியார் கதை ஒன்று உண்டு. கீரை பட்ட பாட்டுக்குப் பிறகு எங்கள் விளைக் காயை அவர் தொடமாட்டார். புறவாசலில் வரும் கூடைக்காரியிடம் தனக்கென்று தனியாக வாங்கித் தனிச் சட்டியில் வைப்பார். "இது காயி. நீங்க திங்கது என்னமோ" என்பார். ஒரு நாள் அதிசயமாக விளைப்பக்கம் வந்தவர், அதே கூடைக்காரி எங்கள் வரப்பில் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

மாமியார் கூடையைப் பார்த்தார், கூடைக்காரியைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். படியேறும்போது திரும்பினார்.

"இனிமே அவ கிட்ட வாங்காண்டாம் மக்கா. நல்லதை எல்லாம் வித்துப்போட்டு மிச்சத்தையாக்கும் எனக்குத் தந்திருக்கா. நீயே பாத்துப் பிஞ்சாப் பறிச்சுக்கொண்டு வா."

இனி யார் வாங்குவது?

இப்படி எங்கள் விளை தலையெடுத்தபோதுதான் அந்தக் காலை வந்தது. மருமக்கள் வழியை மாற்றிச் சட்டம் வரப்போகிறது, மகன்களுக்கும் பங்கு கிடைக்கும் என்று எங்கும் பேச்சு. அதற்குள் முந்திக்கொள்ளப் பார்த்தார் சங்கரலிங்கம் பிள்ளை.

"உகந்துடைமைன்னு குடுத்தது தரிசையாக்கும்" என்றார் அவர், துண்டை ஒரு கையால் பிடித்தபடி. "இப்படி விளையுத நிலத்தை இல்ல. தாணுவுக்கு மலைப்பக்கம் வேற இடம் தாறேன். இதை நான் எடுத்துக்கிடுகேன்."

மலைப்பக்கம் அவருக்கு இருந்தது பாறை. எல்லோருக்கும் தெரியும். காரியஸ்தர் தாடையைத் தடவிக்கொண்டு என் கணவரைப் பார்த்தார்.

"என்ன தாணு, நீரு என்ன சொல்லுகீரு?"

என் கணவருடைய கண் ஒவ்வொரு வாழையாகப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்தக் கன்றுகளை அவர் நட்ட விதம் எனக்குத் தெரியும். பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் போடுவார். கெஞ்சினால் கேட்கிற மனிதர் அல்ல எதிரில் நிற்பவர். சண்டை போட்டால் முறை அவர் பக்கம்.

அப்போதுதான் வண்டிச் சத்தம் கேட்டது. வழக்கமான நேரம், வழக்கமான வண்டி. மழையில் பாதை சேறாகிப்போனதால் அன்று எங்கள் விளையோரமாகச் சுற்றி வந்தது. வரிசை கலைந்தது. துண்டுகள் இறுகின.

எப்படி வாய் வந்தது என்று இன்றும் தெரியாது. வாழைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"அண்ணாச்சி, தாராளமா எடுத்துக்கிடுங்க" என்றேன். "ஆனா இந்த மண்ணு அந்தக் குழி இல்லாம ஒரு வருசம் தாங்காது. செந்துளுவன் பேய்த் தீனி திங்கும். அதுனால குழியையும் சேத்து எடுத்துக்கிடணும். பழைய குழியைத் தோண்டணும், அள்ளணும், நாத்தம் இருக்கான்னு மோந்து பாக்கணும்."

"ஆள் வச்சுக்கிடுகேன்" என்றார் அவர்.

வண்டி நின்றுவிட்டிருந்தது. நாகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆளுன்னா யாரு சாமி?" என்றாள். "நாங்க வரமாட்டோம். கொட்டி மூடுததோட எங்க வேல சரி. தோண்டுதது, அள்ளுதது எல்லாம் இந்த அண்ணனும் அக்காவும் சொந்தக் கையால செய்யுதாவ. உங்க ஊருல வேற யாரு வருவா? கேட்டுப் பாருங்க."

அவர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

நாகம்மாள் நீளக் கைப்பிடி போட்ட மண்வெட்டியை வண்டியிலிருந்து உருவி, அவர் இருந்த பக்கமாக மரியாதையாகத் தரையில் வைத்தாள். "துண்ட மட்டும் எடுத்துருங்க சாமி. அதக் கெட்டிக்கிட்டு மூச்சு விடவும் முடியாது, மோந்து பாக்கவும் முடியாது."

யாரோ சிரித்தார்கள். என் கணவராக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அவர்தான்.

காரியஸ்தர் சங்கரலிங்கம் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. துண்டுக்குள் பேசியதால் சத்தமாகவே பேசினார்.

"ஓய், உம்ம மகளை என் மகனுக்குப் பேசி வச்சிருக்கோம். நாளைக்கு என் வீட்டுல, சம்பந்தி குழிக்காட்டுக்காரர்னு பேச்சு வந்தா நான் என்ன சொல்லணும்? இந்த விளை உம்ம பேருல வரவேண்டாம். வந்துதா, அந்தப் பேச்சை விட்டிரும்."

சங்கரலிங்கம் பிள்ளை திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "மாமா பெத்த மகன் பாடுபட்டு விளைய வச்சதை நான் எடுக்கப்பிடாது" என்றார். "இது தாணுவுக்கே இருக்கட்டும். எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். என் கணவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, நல்ல முற்றின குலை ஒன்றை வெட்டிச் சங்கரலிங்கம் பிள்ளையின் காலடியில் வைத்தார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலைக்காரனைத் தூக்கச் சொன்னார். பத்தடி போனவர் திரும்பி வந்து, யாருக்கும் கேட்காதபடி என்னிடம், "கன்னு ஒண்ணு கிடைக்குமாம்மா? இந்த இனமே நல்ல இனமாட்டுத் தெரியுது" என்றார்.

இனம் எல்லா இடத்திலும் இருப்பதுதான். கொடுத்தேன்.

சுசீந்திரத்தில்

பிறகு சட்டம் வந்தது. சட்டப்படியும் விளை எங்களுடையதாயிற்று. டவுண் வளர்ந்து குழிக்காட்டைத் தொட்டதும் நகரசபை அதை வெகு தூரத்துக்கு மாற்றிவிட்டது. நாகம்மாள் அந்த வண்டியோடு போகவில்லை. எங்கள் விளையின் வடபாதியை அவளும் சுப்பையாவும், விளைச்சலில் பங்கு தருகிற முறையில், வாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தெருவில் பேசினார்கள். செருப்புக்கே பேசின தெரு. வண்டி போன பிறகும் பழைய குழிமண் பல வருஷம் எங்களுக்குப் போதுமான அளவுக்கு இருந்தது. அவளுடைய பாதியில் குலைகள் எங்கள் பாதியைவிடப் பெரிதாக வந்தன. அதை அவள் தினமும் ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவாள்.

மகாராஜா எல்லாச் சாதியாருக்கும் கோயிலைத் திறந்துவிட்டார் என்று முரசடித்த வருஷம், சேதி வந்த சில நாளில் நாகம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள். தலையில் ஒரு செந்துளுவன் குலை.

"அக்கா, சுசீந்திரத்துக்குப் போலாம், வாறியளா? தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு."

வயல் நடுவே போகிற பாதையில் நடந்தே போனோம். நெல் பால் பிடிக்கிற நேரம். அவள் வழியெல்லாம் பேசினாள். கோபுரம் தெரிந்ததும் பேச்சு நின்றது. தெப்பக்குளத்தில் காலை நனைத்துவிட்டு மேற்படியில் வெகு நேரம் நின்றாள். உள்ளே போகும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. சிலர் ஒதுங்கினார்கள். சிலர் குலையைப் பார்த்தார்கள்.

பிராகாரத்தின் நீளத்தைப் பார்த்து, "இதைப் பெருக்க எத்தன பேரு வேணும்!" என்றாள்.

சந்நிதியில் பூசை செய்கிற போற்றி குலையை வாங்கி உள்ளே வைத்தார். அங்கே அன்று வந்த பழமெல்லாம் மலைபோலக் குவிந்திருந்தது. அவள் கைகூப்பினாள், ஆனால் கண்ணை மூடவே இல்லை. திறந்த கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றாள். போற்றி இலைத்துண்டில் சந்தனமும் பூவும் ஒரு செந்துளுவன் பழமும் வைத்து மேலிருந்து அவள் கையில் போட்டார். அவர் யாருக்கும் தொட்டுக் கொடுப்பதில்லை. எனக்கும் அப்படித்தான் போட்டார்.

வெளியே வந்து, தேர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நாகம்மாள் சந்தனத்தை நெற்றியில் வைத்துக்கொண்டாள். பழத்தைத் தோலுரித்துப் பாதியை எனக்குத் தந்தாள். மீதியை வாயில் போட்டு மெதுவாகச் சவைத்தாள். கண் கலங்கியிருந்தது. ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

அவள் விழுங்கிவிட்டு, முகத்தைச் சுளித்தாள்.

"இது நம்ம விளைப் பழம் இல்லக்கா" என்றாள். "உரம் பத்தல."